மீஞ்சூர் பக்கம் குடிநீர்க் குழாய் வேலை தொடங்கப் போகிறது: முன்னாடியே என்னென்ன பேசி வைக்க வேண்டும்?

அத்திப்பட்டு_கேட்:

மணலி புதுநகர் தாண்டி, மீஞ்சூர் ஒன்றியத்தில் இருக்கிறது எங்கள் ஊராட்சி. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் எங்கள் மெயின் ரோட்டு வழியாக வரப்போகிறது. லெவல் மெஷினோடு ஆட்கள் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோடு என் வீட்டுத் திண்ணையை உரசிக்கொண்டு போகிறது, அது வேறு கதை.

தண்ணீர் வேண்டாம் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. கடல் தண்ணீர் நிலத்தடியில் ஏறி எங்கள் கிணறுகள் உப்பாகி எத்தனையோ காலம் ஆகிறது. டீக்கடையில் டீயே கேன் தண்ணீரில்தான். இதில் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-இல் தொடங்கினார்கள், தினம் பத்துக் கோடி லிட்டர் எடுக்கக்கூடிய ஆலை. அந்தத் தண்ணீரைச் செங்குன்றத்துக்குக் கொண்டுபோகும் குழாயே எங்கள் பக்கத்து மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதனால் நம் ஊருக்கென்று ஒரு குழாய் வருகிறது என்றால் சந்தோஷம்தான்.

பயம் எல்லாம் பள்ளத்தைப் பற்றி. பக்கத்து ஊரில் இதே மாதிரி வேலை நடந்தபோது புரட்டாசியில் தோண்டியது பொங்கலுக்கும் மூடாமல் கிடந்தது. மழையில் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் ஒரு பெரியம்மா விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். யாரும் வந்து என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை.

கிராமக் குடிநீர், சுகாதாரக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். வேலை தொடங்கும் முன் ஏ.இ.யையும் (உதவிப் பொறியாளர்) கான்ட்ராக்டரையும் உட்கார வைத்துப் பேசலாம் என்று இருக்கிறோம். 'பொதுமக்களுக்கு இடையூறு இல்லாமல் செய்யவும்' என்று எழுதிக் கொடுத்தால் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குறிப்பாக எதைக் கேட்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மேன்ஹோல்_மூடி:

தம்பி, முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை மீட்டர் பள்ளம் திறந்து கிடக்கும்? இதற்குப் பதில் வாங்கிவிட்டால் மற்ற தொல்லைகளில் பாதி தானாகக் குறையும்.

நான் இந்த வேலையிலேயே காலம் கழித்தவன். பள்ளம் ஏன் மாதக்கணக்கில் கிடக்கிறது தெரியுமா? பில் போடுகிற விதத்தைப் பாருங்கள். மண் தோண்டுவதற்கு ஒரு ரேட், குழாய் இறக்கிப் பதிக்க ஒரு ரேட். கசிகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட், மண்ணை மூடி இடித்துக் கெட்டியாக்குவது, ரோடு போடுவது எல்லாம் கடைசி ஐட்டங்கள். குழாய் உள்ளே இறங்கிவிட்டாலே பெரிய தொகை எம் புக்கில், அதாவது பில்லுக்கான அளவு எழுதும் புத்தகத்தில் ஏறிவிடும். மிச்ச வேலையில் கிடைப்பது கொஞ்சம், தலைவலி அதிகம். பொக்லைனை வாடகைக்கு எடுத்தவர் என்ன செய்வார்? ஒரே மூச்சில் ஊரை உழுதுவிட்டு, குழாயைப் போட்டுவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். அவர் கெட்டவர் என்று இல்லை. பில் அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

அதனால் ஏ.இ.யிடம் பேசும்போது இப்படிக் கேளுங்கள்: 'முதல் துண்டை மூடி, டெஸ்ட் முடித்து, தற்காலிக ரோடாவது போட்ட பிறகுதான் அடுத்த துண்டுக்கு அளவு எழுதுவீர்களா?' ஒப்பந்தத்தில் அப்படி இல்லாவிட்டாலும் அளவு எழுதும் பேனா ஏ.இ. கையில்தான் இருக்கிறது. மனசு வைத்தால் செய்யலாம்.

டெஸ்ட் முடியாமல் மூடக்கூடாது, ஜாயின்ட் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. குழாயின் நடு உடம்பில் மண் போட்டு இடித்துவிட்டு ஜாயின்ட் இருக்கும் இடத்தை மட்டும் திறந்து வைக்கலாம். அதன்மேல் இரும்புத் தகடு. இரண்டு வால்வுக்கு நடுவே இருக்கும் பகுதியைத் தனியாக டெஸ்ட் செய்துகொண்டே போகலாம். முழு லைனும் முடிந்த பிறகுதான் தண்ணீர் விட்டுப் பார்ப்போம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. ஒன்றரை மீட்டருக்குக் கீழே போனால் பக்கவாட்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், உங்கள் மணல் பூமியில் அதற்கு முன்பே வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக்கூடாது. ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தர விதி ஒன்றரை மீட்டரோ பள்ளத்தின் ஆழத்தில் பாதியோ, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டச் சொல்கிறது. இப்போது உங்கள் ரோட்டு அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். பள்ளம், இடைவெளி, மண் மேடு எல்லாம் போக என்ன மிஞ்சுகிறது? 108 வண்டி நுழையுமா? நுழையாது என்றால் மண்ணை அங்கே குவிக்கவே கூடாது, லாரியில் ஏற்றி வேறு இடத்தில் கொட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு எஸ்டிமேட்டில் காசு இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். வேலை நடக்கும்போது கேட்டால் இல்லை என்பார்கள்.


காலடிப்பேட்டைக்காரி:

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் குழாய் மாற்றினார்கள். நான் வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார் சொன்ன இரும்புத் தகடு ரொம்ப முக்கியம். ஆனால் தகடு என்றால் என்ன தகடு? எங்களுக்குப் போட்டது இரண்டு பலகை. நடந்தால் ஆடியது. என் மாமியார் அந்தப் பலகையில் கால் வைக்க மாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார், பென்ஷன் வாங்கக்கூடப் போகவில்லை. ஒவ்வொரு வாசலுக்கும் ஆடாத தகடு, ஒரு பக்கமாவது கைப்பிடி. வயசானவர், கர்ப்பிணி, வீல்சேர், டயாலிசிஸுக்குப் போகிறவர் இருக்கும் வீடுகளை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொக்லைன் டிரைவருக்கு அது எப்படித் தெரியும், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பழைய குழாய். புதுக் குழாய் போடுகிறவன் பழையதை உடைக்காமல் போட்டதாகச் சரித்திரமே இல்லை. வீட்டு இணைப்புக் குழாய்கள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். எங்கள் தெருவில் சாக்கடை கலந்துவிட்டது. இரண்டாவது வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். அறுந்த அன்றே ஒட்டிக் கொடுக்க பிளம்பர் ஒருவர் கேங்கோடு கூடவே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். 'பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறோம்' என்பது பதில் இல்லை.

பழைய லைனை நிறுத்தும் நாளில் லாரித் தண்ணீர் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு? வேலைக்குப் போகும் பெண்கள் காலை ஆறரைக்குள் குடத்தை நிரப்பிவிட வேண்டும். பதினோரு மணிக்கு லாரி வந்தால் யாருக்கு லாபம்?


நவரை_நெல்:

பொன்னேரி பக்கம் விவசாயி. ரோட்டோரம் மட்டும்தான் குழாய் என்று நினைக்காதீர்கள். ரோட்டில் இடம் இல்லாத இடத்தில் வயல் வரப்பை ஒட்டி இறங்குவார்கள்.

எங்கள் ஜில்லாவில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம். நவரை அறுப்பு பங்குனி, சித்திரையில் முடியும். அதன் பிறகு சொர்ணவாரி நடாதவர்கள் நிலம் கொஞ்ச நாள் காலியாகக் கிடக்கும். வயல் பக்கம் வேலை என்றால் அந்த இடைவெளியில் செய்யச் சொல்லுங்கள். யார் யார் எந்தப் போகம் நடுகிறார்கள் என்று ஊரில் ஒரு கணக்கு எடுத்துக் கொடுங்கள், ஆபீசில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் தொடங்கினால் பள்ளம் குளமாகும், கூலியும் வீண்.

மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மேலே ஒரு அடி மண்ணில்தான் சத்து இருக்கிறது. பொக்லைன் ஒரே வாரில் அள்ளி, கீழ் மண்ணைக் கடைசியில் மேலே போட்டுவிட்டுப் போனால் அந்தக் கோடு முழுக்க இரண்டு மூன்று போகத்துக்குப் பயிர் குட்டையாகவே நிற்கும். மேல்மண் ஒரு பக்கம், கீழ்மண் இன்னொரு பக்கம். மூடும்போது எடுத்ததற்கு நேர் எதிர் வரிசையில். சொன்னால் செய்வார்கள், கூட ஒருவர் நின்றால் கட்டாயம் செய்வார்கள்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. குழாய்க்கு அடியில் மணல் படுக்கை போடுவார்கள். அந்த மணல் வழியாகவே வயலில் கட்டிய தண்ணீர் வழிந்து ஓடிவிடும். மேட்டு வயலில் இறைத்த தண்ணீர் பள்ளத்து வயலில் போய் நிற்கும். வரப்பைக் குறுக்கே வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் களிமண் அடைப்பு வைக்கச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை.

பெரிய தொல்லை ஊற்றுத் தண்ணீர். கடலோரம் கொஞ்சம் தோண்டினாலே ஊறும், மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டேதான் குழாய் போட முடியும். அந்தத் தண்ணீர் உப்பு. அதை ஹோஸ் போட்டுப் பக்கத்து நாற்றங்காலில் விட்டார்கள் என்றால் முடிந்தது கதை. எங்கே வெளியே விடப்போகிறீர்கள் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். உப்பங்கழிக்கோ பெரிய வடிகாலுக்கோ போகட்டும், ஏரிக்கும் வயலுக்கும் வேண்டாம்.

மெட்ரோ வாட்டர் எங்கள் பக்கத்து விவசாயிகளிடம் போர்த் தண்ணீரை விலைக்கு வாங்கிச் சென்னைக்குக் கொண்டுபோன காலம் ஒன்று உண்டு. காசுக்கு ஆசைப்பட்டு இறைத்தோம், உப்பு ஏறியது. அதனால் குழாய் வேண்டாம் என்று நானும் சொல்ல மாட்டேன்.


சைட்_சூப்பர்வைசர்:

எல்லாரும் எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டீர்கள். நான் இப்போதும் ஃபீல்டில் நிற்கிறவன், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

காலையில் தோண்டி மாலையில் மூடு என்கிறார்கள். தோண்டினால் உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொல்கிறார்கள்? டெலிபோன் கேபிள், கரண்ட் கேபிள், பழைய ஏ.சி. (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்) குழாய், யாரோ அனுமதி இல்லாமல் இழுத்த வீட்டு இணைப்பு. எந்தத் துறையிடமும் சரியான வரைபடம் இல்லை. கையால் மூன்று நான்கு இடத்தில் சோதனைக் குழி போட்டுப் பார்த்துத்தான் நகர முடியும். ஊரில் பழைய டேங்க் ஆபரேட்டர் ஒருவர் இருப்பார், அவருக்கு எல்லாம் மனப்பாடம். அவரை ஒரு நாள் எங்களோடு அனுப்புங்கள். அது பெரிய உதவி.

இரண்டாவது, வேலையை நிறுத்துவது. கோயிலுக்கு நன்கொடை, கிளப்புக்கு டி-ஷர்ட், வார்டு ஆளுக்கு ஏதாவது. கொடுக்கவில்லை என்றால் பொக்லைனுக்கு முன்னால் பைக்கை நிறுத்திவிடுவார்கள். அந்த மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது. பள்ளம் திறந்து கிடந்ததற்கு நாங்கள் மட்டுமா காரணம்? ஊர் நிறுத்தி வைத்த நாட்களும் அதில் உண்டு.

மூன்றாவது, கடைக்காரர்கள் நஷ்டஈடு கேட்கிறார்கள். எங்கள் எஸ்டிமேட்டில் அப்படி ஒரு ஐட்டமே இல்லை. எந்தக் காசில் கொடுப்பது?


காலடிப்பேட்டைக்காரி:

அண்ணே, டி-ஷர்ட் கேட்டவனும் இட்லி விற்கிற நானும் ஒன்றா? என் வாசலில் மண் மேடு இருந்த நாளெல்லாம் மாவு அரைத்ததில் பாதி வீணாய்ப் போனது. நான் யார் வண்டியையும் நிறுத்தவில்லை. கடைக்கு முன்னால் வேலை எந்த நாள் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தால் மாவே ஊற வைத்திருக்க மாட்டேன். சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்கு ஐட்டம் எதற்கு?


மேன்ஹோல்_மூடி:

இரண்டு பேரும் சொல்வது சரிதான், கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

நஷ்டஈடு விஷயத்தில் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து விதி மாறும். உலக வங்கி, ஏ.டி.பி. (ஆசிய வளர்ச்சி வங்கி) கடனில் நடக்கும் வேலைகளில், கட்டுமானத்தால் தற்காலிகமாக வருமானம் போகிற கடைக்காரர், தள்ளுவண்டிக்காரருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது கடன் கொடுப்பவர் போடும் நிபந்தனை. நம் பக்கத்துக் கொசஸ்தலையாறு வடிநிலத்து மழைநீர் வடிகால் வேலை அந்த மாதிரி ஏ.டி.பி. கடன். மாநில நிதியிலோ, வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் கொடுக்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்திலோ நடக்கும் ஊராட்சி வேலைக்கு நான் பார்த்தவரை அப்படி ஒரு தொகை ஒதுக்குவதில்லை. நியாயமா என்றால் இல்லை. பள்ளம் ஒன்றுதான், விழுகிற காலும் ஒன்றுதான்.

அந்தக் காசு இல்லாதபோது கையில் இருக்கிற ஒரே வழி நாள் குறிப்பதுதான். கடை வரிசைக்கு முன்னால் வேலையைக் கடை விடுமுறை நாளில் வைக்கலாம், அல்லது இரவில். இரவு வேலை என்றால் ஜெனரேட்டர் சத்தம், அதற்கு ஒரு வரம்பு. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் முழுப் பரீட்சை முடிந்த பிறகு. கல்யாண மண்டபத்துக்கு முன்னால் ஆடியில், அப்போது மண்டபம் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் அம்மன் கோயில் தெருவில் ஆடியில் கையே வைக்கக்கூடாது, கூழ் வார்க்கிற கூட்டம் பள்ளத்தில் விழும். சுடுகாட்டுப் பாதையை எந்த நாளும் முழுசாக அடைக்கக்கூடாது, சாவு நாள் பார்த்து வராது.

சூப்பர்வைசர் தம்பிக்கு: வேலையை நிறுத்துபவர்களைக் குழு சமாளிக்க வேண்டும், அது ஊரின் பொறுப்பு. ஜல் ஜீவன் விதிப்படி இந்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் முன்னால் நின்று பேசினால் பைக்கை நிறுத்துகிற பையன் தானாக எடுத்துவிடுவான், அனுபவத்தில் சொல்கிறேன்.


எண்ணூர்_காத்து:

எல்லாரும் வேலை நடக்கும்போது என்ன செய்வது என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் அதற்கு முன்பே ஒரு பிரச்சினை. 'குழாய் வருகிறது' என்றாலே ஜனம் பயப்படுகிறது.

2013-இல் தண்டையார்பேட்டையில் டி.எச். ரோடு பக்கம் போர்த் தண்ணீரில் பெட்ரோலே வந்தது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றில் எண்ணெய் மிதந்தது. அதே மாதக் கடைசியில் ஒரு ராத்திரி பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது நீலச் சட்டை போட்டவர் யாராவது தெருவில் டேப் பிடித்து அளந்தால் 'இது என்ன குழாய், கேஸா எண்ணெயா' என்பதுதான் முதல் கேள்வி. பதில் சொல்லாமல் அளந்துவிட்டுப் போனால் அன்று மாலையே வாட்ஸப்பில் வேறு கதை ஓடும்.

அத்திப்பட்டு அண்ணே, முதல் நாளே போர்டு வையுங்கள். குடிநீர்க் குழாய் என்று பெரிசாக. எங்கிருந்து எங்கே போகிறது, எங்கள் தெருவுக்கு இணைப்பு உண்டா இல்லையா. இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் வாங்குங்கள். உங்கள் ஊர் வழியாக மட்டும் போய் அடுத்த ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் லைன் என்றால், வேலை தொடங்கும் முன்பே உங்கள் டேங்குக்கு ஒரு கிளை கேட்டு வாங்குங்கள். குழாய் போட்டு மூடிய பிறகு கேட்டால் எஸ்டிமேட் முடிந்துவிட்டது என்பார்கள். இடைஞ்சல் எங்களுக்கு, தண்ணீர் இன்னொருவருக்கு என்றால் எந்த ஊரும் சும்மா இருக்காது.

பெட்ரோலியக் குழாய்க்கு 1962-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலம் உங்கள் பேரிலேயே இருக்கும், கீழே குழாய் போக உரிமை மட்டும் எடுப்பார்கள், சந்தை மதிப்பில் பத்து சதவீதமும் பயிர்ச் சேதமும் கொடுப்பார்கள். குடிநீர்க் குழாய்க்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பட்டா நிலத்தில் இறங்கினால் எந்த ஏற்பாட்டில் இறங்குகிறார்கள் என்று காகிதத்தில் கேளுங்கள். 'ஊருக்கு நல்லதுதானே, கையெழுத்துப் போடுங்கள்' என்பதை மட்டும் நம்பி வி.ஏ.ஓ. ஆபீசில் கையெழுத்துப் போடாதீர்கள்.


மேன்ஹோல்_மூடி:

பட்டா நிலம் என்றதும் ஞாபகம் வந்தது. பனை மரம். உங்கள் பக்கம் ரோட்டோரம் பனை நிறைய. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள். குழாயைக் கொஞ்சம் வளைத்தால் மரம் தப்பிக்கும். லைனில் இருக்கும் மரங்களுக்கு இப்போதே எண் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதோடு சுவர் விரிசல். ஊற்றுத் தண்ணீரை நாள் கணக்கில் இறைத்தால் பக்கத்து மண் உள்ளே இறங்கும், பழைய வீட்டுச் சுவர் கீறும். வீட்டுக்காரர் இந்த வேலையால்தான் என்பார், கான்ட்ராக்டர் ஏற்கெனவே இருந்தது என்பார். சண்டையே வேண்டாம். வேலைக்கு முந்தின வாரம் குழுவில் இருவர், கான்ட்ராக்டர் ஆள் ஒருவர் சேர்ந்து கோட்டை ஒட்டிய ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் போனில் வீடியோ எடுங்கள். இருக்கும் விரிசலுக்குப் பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிக் கோடு போடுங்கள். விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டினால் புதுசு. இது கான்ட்ராக்டருக்கும் பாதுகாப்பு, அதனால் மறுக்க மாட்டார்கள். குடிசைச் சுவர், கோயில் மதில், பள்ளிக்கூடக் காம்பவுண்டு எதையும் விடாதீர்கள்.


சைட்_சூப்பர்வைசர்:

இது நல்ல யோசனை, நானே எங்கள் ஆட்களிடம் சொல்கிறேன். 'பழைய விரிசல்' சண்டையில் எங்கள் ஆளை ஒரு முறை ரூமில் பூட்டியே வைத்துவிட்டார்கள்.

குழாய் கழுவுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடைசியில் குளோரின் கலந்த தண்ணீரை நிரப்பி ஊற வைத்து வெளியே விடுவோம். குடிக்கிற தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருந்தால் போதும். கழுவுகிற தண்ணீரில் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். அதை ஊர்க் குட்டையில் திறந்துவிட்டால் மீன் செத்து மிதக்கும், மாடு குடித்தால் அடுத்த பஞ்சாயத்து. எந்த வடிகாலில் விடுவோம் என்று முன்னாடியே பேசிக்கொண்டால் எங்களுக்கும் நிம்மதி. அன்றைக்கு மட்டும் மாட்டை அந்தப் பக்கம் ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையன்கள் தங்கும் இடம் பற்றியும் பேசிவிடுங்கள். பீகார், ஒடிசாப் பையன்கள் நிறையப் பேர் வருவார்கள். ஷெட்டும் கழிவறையும் போட இடம் காட்டாவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள், ஏரிக்கரைக்குத்தான். அப்புறம் அதுவே ஒரு சண்டை.


அத்திப்பட்டு_கேட்:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் வாசித்தோம். பெண்கள் பிடித்துக்கொண்டது இரண்டு விஷயம், பிளம்பர் கூடவே இருப்பதும் லாரி வரும் நேரமும். ஆண்கள் பிடித்துக்கொண்டது பத்து சதவீதப் பங்களிப்பு. ஜல் ஜீவனில் ஊருக்குள் வரும் வேலைக்குச் செலவில் பத்து சதவீதம் ஊர்ப் பங்கு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் பாதிக்கு மேல் உள்ள ஊருக்கு ஐந்து. காசாகத்தான் என்று இல்லை, உழைப்பாகவும் கொடுக்கலாம். சுவர் வீடியோ எடுப்பது, லாரிக்கு ஆள் நிற்பது எல்லாம் அந்தக் கணக்கில் வருமா என்று ஒருவர் கேட்டார். ஒரே சிரிப்பு. ஆனாலும் பி.டி.ஓ.விடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம்.

ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட ஒரு அறிவிப்பு எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

'இது குடிநீர்க் குழாய். எண்ணெய்க் குழாயோ கேஸ் குழாயோ அல்ல.
பிள்ளையார் கோயில் முதல் ரேஷன் கடை வரை தோண்டும் நாள்: ____ மூடும் நாள்: ____
அந்த நாட்களில் லாரித் தண்ணீர் காலை 5.30-க்கு ரேஷன் கடை எதிரில்.
வண்டிகளைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தவும். ராத்திரி ஒரு ஆள் காவல் இருப்பார்.
உங்கள் வீட்டு இணைப்பு அறுந்தாலோ, பள்ளம் மூடாமல் கிடந்தாலோ கூப்பிட வேண்டியவர்: ____
அவர் எடுக்கவில்லை என்றால் ஏ.இ.: ____
இருவரும் எடுக்கவில்லை என்றால் முதலமைச்சர் உதவி எண் 1100.'


காலடிப்பேட்டைக்காரி:

நன்றாக இருக்கிறது தம்பி. 'மூடும் நாள்' என்பதைச் சிவப்பில் எழுதுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் எடுப்பவர் யார் என்று தனியாக ஒரு வரி போடுங்கள். பள்ளத்தில் விழுவது பெரும்பாலும் ராத்திரிதான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆட்டோவில் மைக் கட்டியும் சொல்லிவிடுங்கள்.


எண்ணூர்_காத்து:

1100-க்கு முன்னால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளையும் போடலாம். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு கிடைக்கும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊராட்சி, மாநகராட்சிக்கு வெளியே இருப்பதால் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் செய்தால் உங்கள் பகுதி எங்களுக்கு வராது என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பழக்கதோஷத்தில் அதைத்தான் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

பள்ளத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அபாயப் பலகையில் இந்தியிலும் ஒரு வரி இருக்கட்டும். உள்ளே இறங்குகிறது அந்தப் பையன்கள்தானே.


நவரை_நெல்:

மார்ச் 22 தண்ணீர் தினத்துக் கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே போட்டுவிடுங்கள். அன்றைக்கும் சபை கூட்டுவதாக 2022-இல் அறிவித்தார்கள். ஏ.இ.யை வரச் சொல்லி, நாள் குறித்த அட்டவணையை அவர் வாயாலேயே வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் பிறகு ஆள் மாறி வந்தாலும் காட்டலாம். ஏ.இ.க்கள் நடுவில் டிரான்ஸ்பர் ஆகிவிடுவார்கள்.


அத்திப்பட்டு_கேட்:

சரி, செய்துவிடுகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் ஊரின் நடுவே கும்மிடிப்பூண்டி ரயில் பாதை போகிறது. லைன் அதைக் கடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். ரயில்வே அனுமதி வந்துவிடும், நாங்கள் இரண்டு பக்கமும் தோண்டிக்கொண்டே வருகிறோம் என்கிறார் கான்ட்ராக்டர். விடலாமா?


மேன்ஹோல்_மூடி:

விடாதீர்கள். தண்டவாளத்துக்கு அடியில் குழாயைத் தோண்டிப் போட முடியாது, பெரிய இரும்புக் குழாயைப் பக்கவாட்டில் தள்ளி அதற்குள் இதை விட வேண்டும். அதற்கு ரயில்வே வரைபடம் பார்த்து, பணம் கட்டச் சொல்லி, அவர்கள் ஆள் நிற்கும் நாளில்தான் அனுமதிப்பார்கள். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை ரயில்வே கேட்டுக்கு இரண்டு பக்கமும், குழாயைத் தள்ளுவதற்கான குழி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும், கேட் மூடும்போது வண்டிகள் வரிசையாக நிற்கிற அதே இடத்தில். அனுமதிக் காகிதம் கையில் வந்த பிறகு அந்தப் பகுதியைத் தோண்டட்டும். அதுவரை ஊருக்குள் இருக்கும் தெருக்களை முடிக்கச் சொல்லுங்கள், வேலைக்கா பஞ்சம்? காகிதத்தின் நகல் ஒன்று குழுவுக்கும் கேளுங்கள்.


சைட்_சூப்பர்வைசர்:

சார் சொல்வது சரி. அந்தக் கான்ட்ராக்டரிடம் 'தள்ளுகிற மெஷின் சைட்டுக்கு வந்ததும் குழி தோண்டுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். மெஷின் வந்துவிட்டால் அவரே அனுமதி இல்லாமல் சும்மா நிறுத்தி வைக்க மாட்டார், வாடகை அப்படி.